சூட்டோடு எடுத்த அளவு

மோகன்ராஜைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். அளவுக்குள் இருப்பவை, அளவு தப்பியவை. காக்களூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்புகளுக்குப் பித்தளை புஷ் என்கிற வளையங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஏழு வருடமாக அவன் இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து இறங்கும் புஷ்ஷை வெர்னியர் என்கிற அளவு கருவியில் பிடித்துப் பார்த்து, ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு டப்பாவில் போடுவது அவன் வேலை. அந்த வேலையைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வரவும் அவனுக்குத் தெரியாது. தட்டில் விழுந்த இரண்டாவது தோசை முதல் தோசையைவிடச் சின்னது என்று சொல்லி, அம்மா கங்கம்மாவிடம் கரண்டிக் காம்பால் வாங்கியவன். இப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் சும்மா விடுவானா?

சந்தேகம் வந்த இடம் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் செட். மாமனார் ஆகப்போகிற கலியனின் பம்ப் செட்தான். நாலு ஏக்கர் நெல் வைக்கிற மனிதர். ஐப்பசிக் கடைசியில் அவர் வீட்டில் வைத்து மோகன்ராஜுக்கும் மகள் பூமிகாவுக்கும் நிச்சயம் ஆனது. அறுப்பு முடிந்த கையோடு, தை மாதக் கடைசி முகூர்த்தம் என்று பேசித் தட்டு மாற்றினார்கள். சாப்பிட்டு முடித்ததும் பையன்கள் எல்லாரும் பம்ப் செட்டில் குளிக்கக் கிளம்பினார்கள். வானம் மூடிக் கிடக்கிறது, காற்று வேறு. மாப்பிள்ளை என்கிற பெருமையில் மோகன்ராஜ் முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் கிட்டிப்போய் எழுந்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் துணி மாற்றப் போனபோது, அங்கே ஜெகன் அப்போதுதான் சட்டை பேண்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜெகன் அவன் கம்பெனியிலேயே லேத் ஓட்டுகிறவன், ஒளிவு மறைவு தெரியாதவன். கட்டின துண்டு நழுவியதைப் பிடிக்கக்கூட அவன் அவசரப்படவில்லை.

மோகன்ராஜ் பார்த்தான். பிறகு குனிந்து தன்னையும் பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான், நிச்சயத்துக்குச் சாப்பிட்ட வடை பாயாசம் எல்லாம் வயிற்றில் கல்லாய் உட்கார்ந்துவிட்டது. ஏழு வருடம் ஊர்ப்பட்ட புஷ்ஷை எல்லாம் சிவப்பு டப்பாவில் போட்ட கை, இப்போது தன்னையே எடுத்து அதில் போட்டது.

இதில் பூமிகாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தப் பம்புகளைச் செய்கிற கம்பெனியில் அவள் வேலை. யார் யார் பாகம் கடைந்து அனுப்புகிறார்களோ அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மோகன்ராஜ் சரி என்று கையெழுத்துப் போட்ட நானூறு புஷ்ஷை அவள் ஒரே காலையில் திருப்பி அனுப்பினாள். அனுப்பியதோடு விடாமல் ஒன்றை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் இவன் விழுந்தான். அதற்கு அப்புறம் மேடம் மேடம் என்று இரண்டு வருடம் பின்னாலேயே போய், கடைசியில் அம்மாவை விட்டுப் பெண் கேட்கவைத்தான். பூமிகாவுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. மேனேஜிங் டைரக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் வந்துவிடும்.

இப்போது மோகன்ராஜுக்கு அந்தச் சிரிப்புதான் எமன். முதல் ராத்திரி அவள் பார்ப்பாள், சிரிப்பாள். சிரித்துவிட்டால் செத்தோம் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். அவள் இல்லாமலும் இருக்க முடியாது, அவள் சிரித்தால் உயிரோடும் இருக்க முடியாது. பாவம், இருபத்தொன்பது வயதில் இவ்வளவு பெரிய தொல்லையை எவன் தலையிலும் கட்டக்கூடாது.

செல்போனில் தேடினான். தேடுகிறவனுக்கு வழி காட்ட ஆள் இல்லாமலா போவார்கள்? உடம்பெல்லாம் எண்ணெய் தடவிய ஒரு ஆள், ஜிம் ஒன்றில் நின்றுகொண்டு தொண்ணூறு நாளில் இரண்டு அங்குலம் என்று சத்தியம் பண்ணினான். மாத்திரை இல்லை, மருந்து இல்லை, வெறும் பயிற்சிதான். வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் சுற்றிவைக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் கறவை, கொஞ்சம் இழுவை, மொத்தம் இருநூறு தடவை. இதற்கு மேல் விவரம் வேண்டாம், கேட்டால் நமக்கே வலிக்கும். மோகன்ராஜ் காலண்டரை எடுத்து எண்ணினான். கல்யாணத்துக்குச் சரியாகத் தொண்ணூற்றிரண்டு நாள் இருந்தது. பெருமாளே பார்த்து முகூர்த்தம் குறித்ததாக நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வேப்பம்பட்டில் அவர்கள் வீடு ரயில்வே கேட் பக்கம். ஒரே ஒரு குளியலறை. விடிகாலை ஒரு குண்டான் வெந்நீரோடு உள்ளே போகிற மகன் அரை மணி நேரம் ஆகியும் வெளியே வராததைக் கங்கம்மா நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வாசலிலேயே ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் காத்திருந்தது. காலையில் நாஷ்டாவுக்குப் பொங்கல், பூரி எல்லாம் போய் வெறும் கஞ்சி ஆனது. இத்தனையும் பொறுத்துக்கொண்டான். ஆசை யாரை விட்டது?

பயிற்சி செய்கிறவன் அதோடு விட்டிருக்கலாம். இவன் அளந்தான். கையால் முழம் போட்டு இல்லை, கம்பெனி வெர்னியரால். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் பத்து வெர்னியர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அதில் வி.சி. ஏழு என்று நம்பர் வெட்டினதை டிபன் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மார்கழி நெருங்குகிற விடிகாலையில் சில்லிட்ட ஸ்டீல் அது, அதை அங்கே வைத்துப் பிடிக்கவே தனித் தைரியம் வேண்டும். எடுத்த அளவைச் சும்மா ஒரு தாளில் எழுதவும் அவனுக்குக் கை வராது. கம்பெனிக்குப் போய், அங்கே அச்சடித்து வைத்திருக்கிற ஆய்வுப் படிவத்தில்தான் எழுதி, மேஜை டிராயரின் அடியில் ஒளித்துவைத்தான். பாகத்தின் பெயர் என்கிற கட்டத்தில் எம்.ஆர். ஒன்று என்று தன் பெயரின் எழுத்துகளைப் போட்டான். அளந்த கருவி, வி.சி. ஏழு. தேதி, வேலைக்கு முன் அளவு, வேலைக்குப் பின் அளவு, குறிப்பு என்று ஒரு கட்டம் பாக்கி இல்லை. ட்ராயிங் நம்பர் மட்டும் காலி. அதற்கு அவன் எங்கே போவான்?

முதல் நாள் முன்னைவிடப் பின்னால் நாலு மில்லிமீட்டர் கூடுதல் காட்டியது. அன்று வண்டியில் காக்களூர் போகும் வழியெல்லாம் பாட்டுதான். மறுநாள் காலை அளந்தால் பழைய அளவே நின்றது. சரி, உடம்பு பழக நாளாகும் என்று தேற்றிக்கொண்டு இன்னும் அழுத்தினான். நாலரை காட்டியது. மறுநாள் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. பன்னிரண்டாம் நாள் ஐந்து, இருபதாம் நாள் ஆறு, விடிந்தால் பழைய அளவு. இந்தக் கணக்கை வேறு எவனாவது அவன் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால், ஒரே பார்வையில் கோளாறைக் கண்டுபிடித்து, எங்கேயடா வேலை கற்றாய் என்று கேட்டிருப்பான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில். பின் கணக்கு அவனுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது, மறுநாள் முன் கணக்கு அழுத்தம் போதவில்லை என்று சொல்லியது. அழுத்தினான்.

நாற்பத்தோராம் நாள் சுரீர் என்று ஒரு வலி. பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய் வீங்கியிருந்தது. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, திருவள்ளூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கிளினிக்குக்குக் கால்களை அகட்டி அகட்டி நடந்து போனான். போர்டில் ஆண் டாக்டர் பேர் பார்த்துத்தான் டோக்கன் வாங்கினான். அவர் ஊரில் இல்லை, உள்ளே டாக்டர் ஹெலன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, வாரத்துக்கு இப்படி நாலு பேரைப் பார்க்கிற அலுப்பு. வண்டி பெட்ரோல் டேங்கில் இடித்துக்கொண்டது என்று மோகன்ராஜ் சொன்னான். டாக்டர் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு பக்கமும் விரல் அச்சு இருக்குப்பா. பெட்ரோல் டேங்குக்கு விரல் உண்டா?”

மோகன்ராஜ் எல்லாவற்றையும் கொட்டினான், அளந்ததைத் தவிர. டாக்டர் திட்டவில்லை. காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். ஆண்குறி, ஜிம்முக்குப் போய் வளர்க்கிற தசை இல்லை. அது ரத்தம் நிரம்பினால் பெருக்கும், வடிந்தால் சுருங்கும் பஞ்சு. சூடு வைத்துத் தேய்த்து இழுத்தால் ரத்தமும் நீரும் வந்து கோத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடித்துத் தெரியும், அது வீக்கமே தவிர வளர்ச்சி இல்லை. எந்தக் கைப்பயிற்சியும் நிலையாக வளர்த்ததாக நிரூபணம் கிடையாது. மிஞ்சி அழுத்தினால் உள்ளே சின்ன ரத்தக் குழாய் உடையும், தழும்பு விழும், வளைந்து போனவர்களும் உண்டு. குளிர்ந்த தண்ணீரிலும் பயத்திலும் எல்லாருக்கும் சுருங்கும், அந்த நேரத்தில் இன்னொருத்தனோடு ஒப்பிடுவது பைத்தியக்காரத்தனம். சும்மா இருக்கும்போது சின்னதாகத் தெரிகிறது பல பேருக்கு நேரம் வரும்போது கூடுதலாகவே பெருக்கும். உனக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கையே வைக்காதே, அப்புறமும் இந்த வேலை வேண்டாம், வளைவோ வலியோ இருந்தால் உடனே வா என்றார்.

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். அவன் நம்பினானா என்று கேட்டால், இல்லை. வருகிற ஆள் எல்லாருக்கும் டாக்டர் ஆறுதல்தான் சொல்வார், வெர்னியர் யாருக்கும் ஆறுதல் சொல்லாது. ஆறு மில்லி கூடியதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறானே. நடுவில் இரண்டு வாரம் விட்டால் பயிற்சி முதல் நாளுக்குத் திரும்பிவிடும் என்று அந்த எண்ணெய்க்காரன் வேறு சொல்லியிருந்தான். அங்கிருந்து தொண்ணூறு எண்ணினால் பங்குனி வந்துவிடுகிறது. பங்குனியில் அவர்கள் வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சித்திரையில் வெயில். அப்படியானால் வைகாசி.

மறுநாள் கலியனுக்குப் போன் போட்டான். தை மாதம் கம்பெனிக்குக் கஸ்டமர் ஆடிட் வருகிறது, லீவே தர மாட்டேன் என்கிறார்கள், கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளி வைக்கலாமா மாமா என்று கேட்டான். கலியன் கோபப்படவில்லை. மண்டபம் சொல்லியாச்சே மாப்ளே என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? மோகன்ராஜ் கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய கஸ்டமர். அந்தக் கஸ்டமர் கம்பெனியில் எந்த மாதம் எந்த ஊருக்கு ஆடிட் போவது என்று அட்டவணை போடுகிற ஆளே பூமிகாதான். காக்களூருக்கு அடுத்த ஆடிட் ஆவணியில். கலியன் விஷயத்தைச் சொன்னபோது அவள் அட்டவணையை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் அவளிடமிருந்து போன் இல்லை, மெசேஜ் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனிக் கார் கேட்டில் வந்து நின்றது. சொல்லாமல் வந்த ஆடிட். பூமிகா பையும் ஃபைலுமாக இறங்கினாள். நிச்சயத்தன்று பார்த்ததற்குக் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. நிச்சயம் ஆனதிலிருந்து மோகன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்று வணக்கம் சார் என்றாள். மோகன்ராஜுக்கு ஓமத் தண்ணீர் அப்போதுதான் உண்மையாகவே தேவைப்பட்டது.

இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் எம்பார் எழுந்து நின்று வரவேற்றார். எம்பார்தான் அங்கே குவாலிட்டி மேனேஜர். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், நெற்றியில் திருமண் இல்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை. வேலை விஷயத்தைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத மனிதர். பூமிகா முதலில் கருவிப் பதிவேட்டைத் திறந்தாள். பத்து வெர்னியரில் ஒன்பதுதான் மேஜையில் இருந்தது. வி.சி. ஏழு எங்கே என்று கேட்டாள். மோகன்ராஜ் டிபன் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து அதை எடுத்து வைத்தான். எம்பாரின் புருவம் திருமண்ணைத் தொட்டது. கருவி எதற்கு வீட்டுக்குப் போனது என்று பூமிகா கேட்டாள். பழக்கத்தில் பையோடு வந்துவிட்டது என்று அவன் முனகினான். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு ஆய்வறிக்கை ஃபைலைத் திறந்தாள். அங்கேதான் வினை காத்திருந்தது. படிவங்களை ஃபைல் செய்கிற அருணா மகா ஒழுங்கு. மோகன்ராஜ் டாக்டரிடம் போன அன்று அவன் மேஜை டிராயரைச் சுத்தம் பண்ணியிருக்கிறாள். அடியில் கம்பெனி நம்பர் போட்ட இரண்டு படிவம் கிடக்கவும், தேதி பார்த்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்துவிட்டாள். புரட்டிக்கொண்டே வந்த பூமிகாவின் கை அதில் நின்றது. மோகன்ராஜ் எட்டிப் பார்த்தான். பாகத்தின் பெயர், எம்.ஆர். ஒன்று.

எம்பார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். எம்.ஆர். ஒன்று என்று ஒரு பாகம் நம்மிடம் இல்லையே, ட்ராயிங் நம்பரும் போடவில்லையே, எந்தக் கஸ்டமருடையது என்று கேட்டார். சாம்பிள் சார் என்று மோகன்ராஜின் தொண்டையிலிருந்து காற்று வந்தது. சாம்பிள் என்றதும் எம்பாருக்கு அக்கறை கூடிவிட்டது. விரல் வைத்து இரண்டு தாளிலும் இருந்த அளவுகளை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“என்னப்பா இது, வேலை முடிஞ்ச கையோட சூட்டோட அளந்திருக்கே. சூட்டுல நாலு மில்லி, ஆறு மில்லி ஏறித்தான் காட்டும். இவ்ளோ ஏறறதுன்னா ரப்பர் ஏதோ போலிருக்கு. மறுநாள் ஆறினப்புறம் எடுத்த ரீடிங்கைப் பாரு, நாப்பது நாளும் ஒரே அளவு. பார்ட்டுல ஒரு குறையும் இல்ல. அளந்தவன்கிட்டதான் குறை.”

டாக்டர் ஹெலன் கால் மணி நேரம் படம் போட்டு விளக்கியும் இறங்காதது, இந்த நாலு வரியில் இறங்கிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு மோகன்ராஜ் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். மெஷினிலிருந்து இறங்கின பாகத்தைத் தொடாதே, ஆற விடு, அப்புறம் அள. ஏழு வருடம் சொன்னவன், வெந்நீர்த் துணியை அவிழ்த்த கையோடு நாற்பது நாள் அளந்திருக்கிறான். துணி சுற்றுவதற்கு முன் எடுத்த கணக்குதான் நிஜம். ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. அதைவிட முக்கியம், ஏற வேண்டிய அவசியமும் இல்லை என்று அந்த டாக்டரம்மா சொன்னது ஆறுதல் இல்லை, அதுவும் ரீடிங்தான்.

பூமிகா இன்னும் நிமிரவில்லை. குறிப்பு என்கிற கடைசிக் கட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். லேசாக வலி. சிவந்திருக்கிறது. அம்மா கதவைத் தட்டியதால் நூற்று நாற்பதில் நிறுத்தம். மறுபடி லேசாக வலி. எம்பாரும் அதைப் பார்த்துவிட்டு, ரப்பருக்கு எப்படி வலிக்கும் என்று யோசனையில் ஆழ்ந்தார். பூமிகாவின் விரல் மெதுவாக மேலே போய் முதல் தேதியில் நின்றது. நிச்சயத்துக்கு மறுநாள். அவள் ஃபைலை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். போன வருடத்துக் கருவிச் சான்றிதழ்களை எல்லாம் மாடியிலிருந்து நீங்களே பார்த்து எடுத்து வர வேண்டும் சார் என்று எம்பாரைக் கேட்டுக்கொண்டாள். அவர் போனார்.

“மோகன், இது இன்னாது?”

சொன்னான். பம்ப் செட், ஜெகன், எண்ணெய்க்காரன், வெந்நீர், வைகாசி எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொய் சொல்லத் தெம்பும் இல்லை. பூமிகா முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு கைக்குட்டையை வாயில் வைத்தாள். அம்மா கதவைத் தட்டின இடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அருணா எழுந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். மோகன்ராஜ் இத்தனை நாள் எதற்குப் பயந்தானோ, அது பட்டப்பகலில், டியூப் லைட் வெளிச்சத்தில், கம்பெனிச் சட்டையோடு நடந்துகொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தோள் குலுங்குவது நிற்கவில்லை, சத்தம் மட்டும் மாறிவிட்டது. அவன் பதறிப்போய்க் கிட்டே வந்தான்.

“நிச்சயத்தன்னிக்கு உங்க அத்த எல்லார் எதுர்லயும் இன்னா சொன்னாங்க, ஞாபகம் கீதா? பொண்ணு ஒட்டடக்குச்சி மாதிரி கீதுன்னாங்க. அன்னிலேர்ந்து பாலும் பேரீச்சம்பழமும் வாழப்பழமுமா துன்னுகினு கீறேன். ஆறு கிலோ. முகூர்த்த ஜாக்கெட்ட ரெண்டு வாட்டி பிரிச்சி தெச்சாச்சி. அப்பவும் வைகாசின்னு நைனா சொன்னதும், நம்மள பாத்துட்டு உனுக்கு புடிக்காம பூடுச்சின்னு தான் நெனச்சேன். மூணு நாளா கண்ணே மூடல.”

மோகன்ராஜுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. தன் உடம்பில் இல்லாத குறையைத் தேடித் தேடி அளந்தவன், இவள் மனசில் இவ்வளவு பெரிய காயத்தைப் போட்டதை அளக்கவில்லை. புடிக்காமலா என்று ஆரம்பித்தான். அந்த நானூறு புஷ்ஷைத் திருப்பி அனுப்பின நாளிலிருந்து அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை, அவள் குச்சியாக இருந்தாலும் சரி நெல் குதிராக இருந்தாலும் சரி, அவள்தான் வேண்டும் என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். அத்தைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டான். பூமிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள்.

“டாக்டராண்ட போனியே, இன்னா சொன்னாங்க?”

எல்லாம் சரியாக இருக்கிறது, இதைத் தொடாதே என்றார்கள், நான்தான் நம்பவில்லை என்றான். இப்போது நம்புகிறாயா என்றாள். எம்பார் சாரே சொல்லிவிட்டாரே என்றான். அதற்கு அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

“நாத்த புடிச்சி மேல இழுத்தா பயிரு வளந்துடுமா? எங்க நைனாவ கேளு. வேரு அந்து தண்ணில மெதக்கும்பாரு. நல்லா கீறத போய் புண்ணு பண்ணிக்கினு கீறியே.”

அவள் தன்னை நீ என்று கூப்பிடுவதை அவன் அப்போதுதான் கவனித்தான். ஃபைலிலிருந்து அந்த இரண்டு தாளையும் உருவிக் கிழிக்கப் போனவனை அவள் தடுத்தாள். ஃபைலில் ஏறின தாளைக் கிழிக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் சட்டம். தப்பாக எழுதினதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தாளிலும் குறுக்கே கோடு போட்டு மோகன்ராஜ் என்று எழுதினான். சரிபார்த்தவர் என்கிற இடத்தில் பூமிகா கையெழுத்துப் போட்டு, தாள்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வி.சி. ஏழை ஒரு விரலால் மட்டும் அவன் பக்கம் தள்ளினாள். இதை இன்றைக்கே கழித்துக் கட்டிவிடு, இன்னொருத்தர் கையில் கொடுக்காதே என்றாள்.

மாடிப்படியில் எம்பாரின் செருப்புச் சத்தம் கேட்டது. தையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பூமிகா அவசரமாகக் கேட்டாள். மோகன்ராஜ் வி.சி. ஏழைக் கையில் எடுத்துத் திறந்து மூடினான். இன்னும் என்ன என்று அவள் விடாமல் கேட்கவும், பயமாக இருக்கிறது என்றான்.

“இன்னாத்துக்கு பயம்?”

“நீ சிரிச்சிடுவியோன்னு.”

பூமிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதான் சிரிச்சி முட்ச்சிட்டேனே. இன்னும் இன்னா கீது பயப்பட?”

யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லைதான். அவள் சிரித்தாயிற்று, இவன் சாகவும் இல்லை, அவள் போகவும் இல்லை. மோகன்ராஜ் போனை எடுத்துக் கலியனைக் கூப்பிட்டான். தையிலேயே வைத்துக்கொள்ளலாம் மாமா என்றான். அப்போ ஆடிட் என்னாச்சு மாப்ளே என்று அவர் கேட்டார். ஆடிட்டே கிடையாது, நான் சொன்னது பொய், ஏதோ முட்டாள்தனமான பயத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அவன் நிறுத்தாமல் சொல்லி முடித்தான். என்ன பயம் என்று கலியன் கேட்கவே இல்லை, மண்டபத்துக்காரனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை மாப்ளே என்றார்.